பழைய இசைத்தட்டுகளை உடையாமல் அஞ்சலில் அனுப்புதல்

கிராமபோன் பெட்டியில் நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் சுழன்று பாடிய கறுப்புத் தட்டுகள் அரக்கால் ஆனவை. கனமானவை, ஆனால் எளிதில் உடைபவை. ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தாலே இரண்டு மூன்று துண்டுகளாகிவிடும். இத்தகைய தட்டுகளை ஆவணக் காப்பகத்துக்கோ, சேகரிப்பாளருக்கோ, வெளியூரில் இருக்கும் உறவினருக்கோ அனுப்ப வேண்டி வரும்போது எப்படிப் பொதி கட்டுவது, எந்தக் காலத்தில் எந்த வழியில் அனுப்புவது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பகுதியிலிருந்து அனுப்புவோர் கவனிக்க வேண்டிய சில தனிச் செய்திகளும் இதில் உள்ளன.

தட்டு எதனால் ஆனது

அரக்கு இசைத்தட்டு என்று பெயர் இருந்தாலும் அதில் அரக்கின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்றோ அதற்கும் குறைவோதான். மீதி கல்தூள், கறுப்பு நிறத்துக்காகப் புகைக்கரி, பிடிமானத்துக்காகக் கொஞ்சம் பஞ்சு இழை. கல்தூளை ஒட்டவைக்கும் பசையாகத்தான் அரக்கு அங்கே வேலை செய்கிறது. ஆகவே தட்டு வளையாது. வளைத்தால் முறியும்.

அந்த அரக்கு நம் நாட்டுப் பொருள். பலா­சம், இலந்தை, கூசம் போன்ற மரங்களின் கிளைகளில் அரக்குப்பூச்சிகள் சுரக்கும் பிசினிலிருந்து எடுக்கப்படுவது. இன்றைய ஜார்க்கண்டு மாநிலப் பகுதி இதற்குப் பெயர் பெற்றது. அரக்கு ஆராய்ச்சிக்கென்றே 1924-இல் இராஞ்சியை அடுத்த நாம்குமில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. உலகின் எந்த நாட்டில் பாட்டுத் தட்டு அழுத்தினாலும் அதற்கு இந்திய அரக்கு வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், அரக்கு வரத்துக் குறைந்ததால் அமெரிக்க அரசு இசைத்தட்டுத் தயாரிப்புக்கே கட்டுப்பாடு விதித்தது.

தச்சர்கள் மேசை நாற்காலிக்குப் பளபளப்பு ஏற்ற அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரணத்தால் அரக்குத் தட்டை ஸ்பிரிட்டோ சானிட்டைசரோ தொட்டால் வரிப்பள்ளங்கள் கரைந்து போகும். அனுப்புமுன் சுத்தம் செய்ய நினைப்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி போதும். நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையக் கூடாது. துடைத்த தட்டு நிழலில் நன்றாக உலர்ந்த பிறகே உறைக்குள் போக வேண்டும்.

1950-களுக்குப் பின் வந்த 45, 33 சுற்று வேகத் தட்டுகள் வினைல் என்னும் நெகிழியால் ஆனவை. அவை சற்றே வளையும், அவ்வளவு எளிதில் உடையாது. அவற்றுக்கு வெப்பமும், அட்டை உறையின் ஓரம் கிழிவதும்தான் ஆபத்து. வினைல் தட்டை அட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, உள் உறையோடு உறைக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டினால் ஓரம் கிழியாது. இனி வருவதெல்லாம் அரக்குத் தட்டைப் பற்றியதே.

ஒரு தட்டு போனால் என்ன போகிறது

இந்தியாவில் முறையான இசைத்தட்டுப் பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்கியது. கிராமபோன் கம்பெனிக்காக வந்த பிரெட் கெய்ஸ்பெர்க் அங்கே கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்தார். அப்போது இந்தியாவில் தட்டு அழுத்தும் ஆலை கிடையாது. பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்குப் போய், அங்கே தட்டாகி, மறுபடியும் கப்பலேறி இங்கே வந்தன. 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை தொடங்கிய பிறகே இந்தப் பயணம் முடிவுக்கு வந்தது. அதாவது, நம் நாட்டு இசைத்தட்டின் முதல் ஆறு ஆண்டு வரலாறே உடையும் பொருளைத் தொலைதூரம் அனுப்பிய வரலாறுதான்.

தமிழ்நாட்டில் 1920-களின் இறுதியிலும் 1930-களிலும் கிராமபோன் ஊர் ஊராகப் பரவியது. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் திரைத்துறைக்கு வருமுன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டு வணிகம் நடத்தியவர். ஓடியன் தட்டுகள் அந்நிறுவனத்தின் வழியாகத்தான் நம் பக்கம் வந்தன. எம்.எஸ். சுப்புலட்சுமி தம் முதல் இசைத்தட்டில் பாடியது 1926-இல், பத்து வயதில்.

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவை எடுத்துக்கொள்வோம். 1906-இல் பிறந்து 1933 டிசம்பரில், 27 வயதில் மறைந்தவர். மேடை நாடகத்தில் அவர் பாட்டைக் கேட்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். பேசும்படம் வந்த பிறகும் எந்தப் படத்திலும் நடிக்காமலேயே போய்விட்டார். இன்று அவர் குரல் நமக்குக் கிடைக்கிறது என்றால் அது இசைத்தட்டுகளில்தான். பக்கத்துக்கு மூன்று மூன்றரை நிமிடம், அவ்வளவே. திரைப்படச் சுருளில் இன்னொரு படி இருக்கும், வானொலி நிலையத்தில் நாடா இருக்கும் என்ற பேச்சுக்கே இடமில்லை. புகழ்பெற்றவர்களின் தட்டுகள் பலரிடம் இருக்கின்றன, பல எண்மமாக்கவும் பட்டுவிட்டன. ஆனால் ஒன்றிரண்டு தட்டுகளோடு நின்றுபோன நாடகக் கலைஞர்கள், நாகசுரக்காரர்கள், நகைச்சுவை உரையாடல் பேசியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய தட்டு ஒரு வீட்டுப் பரணில் இருந்து இறங்கி வரும்போது, உலகில் எஞ்சிய ஒரே படி அதுவாகவே இருக்கலாம்.

இதை எனக்கு உணர்த்தியது ஒரு பிழை. என் தாய்மாமன் வீட்டில் இருந்த பன்னிரண்டு தட்டுகளைப் பல ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஓர் அன்பருக்கு அனுப்பினேன். செய்தித்தாளில் சுற்றி, சேலைக்கடைப் பெட்டி ஒன்றில் அடுக்கி, மேலே "கவனம்" என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதினேன். அதுவே போதும் என்று எண்ணிவிட்டேன். வாங்கிய அன்பர் பெட்டியை அசைத்தபோது உண்டியல் குலுங்குவதுபோல் சத்தம் கேட்டதாம். ஒன்பது தட்டுகள் உடைந்திருந்தன. எடுத்துச் சென்ற நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்டிய கை என்னுடையது.

எப்படி உடைகிறது

பெட்டியின் மேல் விழும் அடியால்தான் தட்டு உடைகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் உடைவதற்குக் காரணம் மூன்று. முதலாவது வளைவு: தட்டையான மெல்லிய பெட்டியின் நடுவில் இன்னொரு மூட்டையின் கனம் ஏறும்போது பெட்டி வளைகிறது, உள்ளே தட்டும் சேர்ந்து வளைய முயன்று முறிகிறது. இரண்டாவது விளிம்பு: பெட்டி செங்குத்தாக விழும்போது தட்டின் விளிம்பு பெட்டிச் சுவரில் நேராக மோதி, அங்கிருந்து விரிசல் நடுத்துளை வரை ஓடுகிறது. மூன்றாவது ஆட்டம்: தட்டுகளுக்கு இடையில் இடைவெளி இருந்தால் வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் ஒன்றின் மேல் ஒன்று மோதிக்கொள்ளும்.

அப்பளக் கட்டை நினைத்துப் பாருங்கள். தனி அப்பளம் விரல் பட்டாலே நொறுங்கும். நூறு அப்பளத்தை இறுக்கிக் கட்டிய கட்டை மதுரையிலிருந்து டெல்லிக்கு அனுப்பினாலும் உள்ளே இருப்பவை முழுசாகப் போய்ச் சேரும். உடைவது கட்டின் ஓரத்தில் இருப்பவைதான். இசைத்தட்டுக்கும் இதே கணக்கு. தட்டுகள் தமக்குள் அசையாத ஒரே கட்டாக வேண்டும். அந்தக் கட்டின் ஓரத்துக்குத் தனிக் காப்பு வேண்டும். பிறகு அந்தக் கட்டு பெட்டிச் சுவர் எதையும் தொடாமல் நடுவில் மிதப்பதுபோல் இருக்க வேண்டும்.

கட்டும் முன் பார்க்க வேண்டியவை

மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பது நம் பழக்கம். இசைத்தட்டையும் அப்படிப் பார்க்கலாம். நடுத்துளையில் ஒரு விரலை நுழைத்துத் தட்டைத் தொங்கவிட்டு, மறுகை விரல் கணுவால் விளிம்புப் பக்கம் மெல்லத் தட்டினால் நல்ல தட்டு கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தால் ஒலி மந்தமாக, கரகரவென்று வரும். விரிசல் உள்ள தட்டை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக இரு அட்டைகளுக்கு நடுவில் கட்ட வேண்டும்.

நெடுநாள் சாய்வாக வைத்திருந்த தட்டு கிண்ணம்போல் வளைந்திருக்கும். மேசைமேல் வைத்துப் பார்த்தால் தெரியும். அதைத் தட்டையான கட்டில் சேர்த்து இறுக்கினால் இறுக்கும்போதே உடையும். அதற்குத் தனிக் கட்டும், வளைவின் பள்ளத்தை நிரப்ப மெல்லிய காகித மெத்தையும் தேவை.

தட்டுகள் 10 அங்குலம், 12 அங்குலம் என இரு அளவுகளில் பெரும்பாலும் கிடைக்கும். இரண்டையும் ஒரே கட்டில் கலக்கக் கூடாது. பெரிய தட்டின் ஓரம் பிடிமானம் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஓரம்தான் முதலில் போகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் லேபிளின் இருபக்கத்தையும் கைபேசியில் தெளிவாகப் படம் எடுத்து, தட்டு எண், பாடியவர் பெயர், பாட்டின் தொடக்கம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூடுமானால் ஒலியையும் ஒருமுறை பதிவு செய்துவிடுங்கள். தரம் குறைந்த பதிவானாலும் ஒன்றும் இல்லாததற்கு அது மேல்.

கட்டும் முறை

ஒவ்வொரு தட்டும் சுத்தமான காகித உறைக்குள் இருக்க வேண்டும். கம்பெனியின் பெயர் அச்சிட்ட பழைய மூல உறை இருந்தால் அதுவும் ஓர் ஆவணம்தான். அது பெரும்பாலும் பழுப்பேறி நொய்ந்திருக்கும். தட்டைப் புதிய உறைக்கு மாற்றி, பழைய உறைகளைத் தனியே தட்டையாக வைத்து அனுப்புவது நல்லது.

நெளியட்டையை 30 செ.மீ. சதுரங்களாக வெட்டிக்கொள்ள வேண்டும். 10 அங்குலத் தட்டின் விட்டம் 25 செ.மீ. என்பதால் நான்கு பக்கமும் இரண்டரை செ.மீ. அட்டை வெளியே நீண்டிருக்கும். கட்டு எந்தப் பக்கம் விழுந்தாலும் அடியை வாங்குவது அட்டை ஓரம்; தட்டு அல்ல. ஓரிரு தட்டுக்கு ஒரு சதுரம் வீதம் இடையில் வைத்து, ஐந்து தட்டுக்கு மேல் போகாமல் ஒரு கட்டாக்கலாம். கட்டின் மேலும் கீழும் இரண்டிரண்டு சதுரங்கள். அவ்விரண்டில் ஒன்றின் நெளிவு கிழக்கு மேற்காக ஓடினால் மற்றது வடக்குத் தெற்காக ஓட வேண்டும். ஒற்றை அட்டை நெளிவின் வழியே எளிதாக மடங்கும். குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் எந்தப் பக்கமும் மடங்காது. இந்தச் சின்ன வேலையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

நான்கு பக்கமும் நாடா ஒட்டி, தட்டு சதுரத்தின் நடுவிலிருந்து நழுவாதபடி செய்ய வேண்டும். அட்டை ஓரங்களுக்கும் தட்டுக்கும் இடையில் இருக்கும் வெற்றிடத்தில் சுருட்டிய மெல்லிய காகிதத்தைச் செருகினால் நழுவவே நழுவாது. இறுக்கம் வேண்டும், நெருக்கிப் பிழியக் கூடாது. நாடாவின் பசை தட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி இரண்டு கட்டுகளைக் குமிழ்த்தாளில் சுற்றி, அவை கச்சிதமாகப் பொருந்தும் உள்பெட்டியில் வைக்க வேண்டும். அந்த உள்பெட்டி, அதைவிடப் பெரிய வெளிப்பெட்டிக்குள் போகும். இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஆறு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி இருந்து, அது முழுவதும் கசக்கிய காகிதத்தாலோ நுரைப் பொருளாலோ திணிக்கப்பட்டிருக்க வேண்டும். கசக்கிய காகிதம் என்றால் பந்தாக இறுகக் கசக்கியது. தளர்வாகப் போட்டால் இரண்டு நாள் பயணத்தில் அமுங்கி, ஒரு பக்கம் காலியாகிவிடும். மூடிய பெட்டியைக் காதருகே வைத்து அசைத்தால் உள்ளே எந்தச் சத்தமும் வரக் கூடாது.

சந்தேகம் இருந்தால் ஒத்திகை பார்க்கலாம். ஏற்கெனவே விரிசல் விட்ட, மதிப்பில்லாத தட்டு ஒன்றை இதே முறையில் கட்டி, இடுப்பு உயரத்திலிருந்து ஒருமுறை தட்டையாகவும் ஒருமுறை மூலை படும்படியும் கீழே போட்டுத் திறந்து பார்க்க வேண்டியதுதான். ஆய்வுக்கூடப் பாடம்போல இருக்கும், ஆனால் எந்த விளக்கத்தையும் விட அது நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

கிராமபோன் ஊசி டப்பாவையோ ஒலிப்பெட்டி உறுப்புகளையோ தட்டுகளோடு ஒரே பெட்டியில் போடுவது தவறு. எஃகு ஊசிகள் சிதறினால் உறையைத் துளைத்துத் தட்டைக் கீறும். அப்பொருள்களுக்குத் தனிப்பொதி வேண்டும்.

சிவகாசிப் பெட்டியைப் பற்றி

அட்டைப்பெட்டிக்குச் சிவகாசியில் பஞ்சமே இல்லை. பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்று தொழிலுக்கும் பெட்டி வேண்டும் என்பதால் அதைச் செய்யும் ஆலைகளும் அட்டை விற்கும் கடைகளும் ஊரெங்கும் இருக்கின்றன. மூன்று பிளை, ஐந்து பிளை என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஐந்து பிளை என்பது மூன்று தட்டைத் தாள்களுக்கு நடுவில் இரண்டு நெளிதாள்கள் உள்ள பெட்டி. வெளிப்பெட்டி அதுவாகவே இருக்கட்டும். உள்ளே வைக்கும் சதுரங்களுக்கு மூன்று பிளை போதும். காலண்டர் அச்சகங்களில் வெட்டி விழும் ஓரத்தாள்கள் திணிப்பதற்கு அருமையானவை, வெள்ளைத்தாளாக இருந்தால். மை உலராத அச்சுத்தாள் உறையில் கறை ஏற்றும்.

ஆனால் வீட்டில் கிடக்கிறதே என்று பழைய பட்டாசுப் பெட்டியை எடுக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் தீபாவளி கழிந்து நாலைந்து பட்டாசுப் பெட்டிகள் பரணில் இருக்கும். உறுதியானவை, அளவும் பொருத்தமாக இருக்கும், ஆகவே ஆசை வருவது இயல்பு. வெடிபொருளையும் எளிதில் தீப்பற்றும் பொருளையும் அஞ்சலில் அனுப்பத் தடை உண்டு. பட்டாசும் தீப்பெட்டியும் அதில் அடங்கும். அபாயக் குறியும் பட்டாசுப் பெயரும் அச்சிட்ட பெட்டி, அதுவும் 626 என்று தொடங்கும் பின்கோடு ஊரிலிருந்து வந்தால், எந்த அலுவலரும் நிறுத்தி வைக்கத்தான் செய்வார். பிரித்துப் பார்ப்பவர் நீங்கள் கட்டிய முறைப்படியே மறுபடியும் கட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது. நாடா ஒட்டி எழுத்தை மறைத்தாலும் பயனில்லை, சந்தேகம்தான் கூடும்.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய பட்டாசுப் பெட்டியின் மடிப்புகளில் மருந்துத் தூள் தங்கியிருக்கலாம். அலுமினியத்தூள், கந்தகம், பேரியம் நைட்ரேட்டு போன்றவை அவை. பெட்டிக்குள் இருக்கும் தட்டுக்கும் அது நல்லதல்ல, விமானத்தில் ஏறும் சரக்குக்கும் நல்லதல்ல. அதே காரணத்தால் பட்டாசு ஆலையிலிருந்து வரும் கழிவுத்தாளையும் திணிப்புக்குப் பயன்படுத்த வேண்டாம். முப்பது நாற்பது ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக ஏற்றுக்கொள்ளக் கூடிய துன்பம் அல்ல இது.

உள்ளே இருப்பது என்ன என்பதைப் பெட்டியின் மேல் தமிழிலும் ஆங்கிலத்திலும் "பழைய கிராமபோன் இசைத்தட்டுகள், உடையக்கூடியவை" என்று தெளிவாக எழுதிவிடுவது சிவகாசி வட்டாரத்திலிருந்து அனுப்புவோருக்கு மிகவும் உதவும். பெட்டியை மூடாமல் எடுத்துப்போய், அலுவலர் பார்த்த பிறகு அங்கேயே ஒட்டுவது அதைவிட நல்லது. கத்தரியும் நாடாவும் கையோடு போகட்டும்.

காலமும் வழியும்

விருதுநகர் மாவட்டத்தின் வறண்ட காற்றுதான் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இங்கே வேரூன்ற உதவியது. 1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள். நம் ஊர் வீடுகளுக்கு இசைத்தட்டு வந்ததும் அந்தக் கல்கத்தாவிலிருந்துதான் என்பது ஒரு வேடிக்கை. அந்த வறட்சி தட்டுக்கும் நன்மை செய்தது; கடற்கரை ஊர்களில் லேபிளில் பூக்கும் பூஞ்சணம் இங்கே குறைவு. ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் நிறுத்திய மூடுவண்டிக்குள் அரக்கு இளகும். இளகிய தட்டு உடையாது, நெளியும். நெளிந்ததை நிமிர்த்துவது எளிதல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டை நமத்துப் பலம் இழக்கும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் சிவகாசி லாரி புக்கிங் ஆபீஸ்களில் நிற்க இடம் இருக்காது. அந்த நெரிசலில் உடையும் பொருளைக் கொண்டுபோய் வைப்பது விவேகமல்ல. மார்கழி, தை, மாசி மூன்றும் ஏற்ற மாதங்கள்.

வழிகளில் மிகச் சிறந்தது கையோடு கொண்டு போவதுதான். செங்கோட்டையிலிருந்து சிவகாசி, விருதுநகர் வழியாகச் சென்னை செல்லும் பொதிகை எக்ஸ்பிரசில் ஒருவர் பத்துத் தட்டை இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு போனால் அதற்கு இணையான காப்பு இல்லை. அதற்கு ஆள் இல்லையென்றால் விரைவுத் தபால். 2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டுப் பதிவுத்தபால் சேவை விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால் பழைய நினைவில் போய்ப் பதிவுத்தபால் கேட்போர் குழம்ப வேண்டாம். ஆம்னி பஸ் பார்சலில் ஒரே இரவில் போய்விடும் என்பது உண்மை. பெட்டிமேல் என்ன ஏறும் என்பது மட்டும் நம் கையில் இல்லை.

கட்டணத்தில் ஒரு கணக்கு. 10 அங்குலத் தட்டு ஒன்று சுமார் 200 கிராம் இருக்கும். பத்துத் தட்டு 2 கிலோ. அட்டையும் இரு பெட்டிகளும் சேர்த்து 4 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். கூரியர் நிறுவனங்கள் பலவும் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொண்டு, அது உண்மை எடையைவிட அதிகமானால் அதற்கே கட்டணம் போடுகின்றன. மேலே சொன்ன முறையில் கட்டினால் வெளிப்பெட்டி 45 × 45 × 25 செ.மீ. வரும். பெருக்கினால் 50,625. வகுத்தால் சுமார் 10 கிலோ. நான்கு கிலோப் பெட்டிக்குப் பத்துக் கிலோக் கட்டணமா என்று மனம் சுருங்கும். இடைவெளியைக் குறைத்துப் பெட்டியைச் சிறிதாக்கத் தோன்றுவதும் அப்போதுதான். கட்டணத்தைக் குறைக்க வேண்டுமானால் அனுப்பும் தட்டுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், காப்பு இடைவெளியைக் குறைக்காதீர்கள். நிறையத் தட்டுகள் இருந்தால் ஒரே பெரிய பெட்டியாக்காமல் பத்துப் பத்தாகப் பிரிப்பதும் நல்லது. இருபது கிலோப் பெட்டியை யாரும் மெதுவாக இறக்கி வைப்பதில்லை.

காப்பீடு செய்யலாம். ஆனால் பொதி சரியாகக் கட்டப்படவில்லை என்று காரணம் சொல்லி இழப்பீட்டை மறுக்க எப்போதும் இடம் உண்டு. ஆகவே கட்டும் ஒவ்வொரு படியையும் படம் எடுத்து வைப்பது பயன் தரும். பெறுபவர், அனுப்புபவர் இருவர் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள் ஒன்று பெட்டிக்கு உள்ளேயும் இருக்கட்டும். மேலே ஒட்டியது கிழிந்தாலும் பொதி அநாதையாகாது.

வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால்

இந்திய 78 தட்டுகளைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர்கள் வெளிநாடுகளில் உண்டு. மற்ற நாடுகளில் இவ்வகைத் தட்டு ஏறக்குறைய மறைந்துவிட்ட 1960-களில்கூட இந்தியாவில் பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள் அரக்குத் தட்டாக வெளிவந்தன. அவற்றுக்கு நல்ல விலை. தமிழ்த் தட்டுகளைக் கேட்போரும் இருக்கிறார்கள். அனுப்புமுன் ஒரு சட்டத்தை நினைவில் கொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத வரலாற்று மதிப்புள்ள பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. 1908 முதல் அழுத்தப்பட்ட கல்கத்தாத் தட்டுகள் ஒவ்வொன்றாக அந்த வயதைக் கடந்துகொண்டிருக்கின்றன. ஐயம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். வைக்கோலைத் திணித்து அனுப்ப வேண்டாம். பல நாடுகள் பூச்சி, விதை பயத்தால் அதைத் தடுக்கின்றன. மரப்பெட்டி என்றால் அது முறைப்படி வெப்பமூட்டி முத்திரையிட்ட மரமாக இருக்க வேண்டும்.

வந்த பெட்டியைத் திறப்பது

வெயிலில் வந்த பெட்டியை உடனே திறக்காமல் சில மணி நேரம் நிழலில் வைக்க வேண்டும். திறப்பதைத் தொடக்கம் முதல் காணொளியாக எடுத்துக்கொள்வது பின்னால் முறையிட உதவும். கத்தியை ஆழமாக ஓட்டக் கூடாது, நாடாவின் தடிப்பு அளவுக்கு ஓட்டினால் போதும். தட்டுகளை விளிம்பையும் லேபிளையும் பிடித்து எடுத்து, மறுபடியும் ஒருமுறை சுண்டிப் பார்க்கலாம்.

உடைந்திருந்தால் துண்டுகளைக் குப்பையில் போட வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். வீட்டுப் பசை வரிப்பள்ளத்துக்குள் இறங்கினால் பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது. எல்லாத் துண்டுகளையும், சிறு சில்லுகள் உட்பட, ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனித் தாளில் மடித்து, தட்டையான அட்டையில் வைத்துப் பாதுகாக்கலாம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் குழுவினர் உருவாக்கிய ஐரீன் என்னும் முறையில், ஊசி தொடாமலேயே வரிப்பள்ளங்களைப் படமெடுத்துக் கணினியால் ஒலியாக மாற்றுகிறார்கள். உடைந்த தட்டுகளிலிருந்தும் அவ்வாறு ஒலியை மீட்டிருக்கிறார்கள். என் தாய்மாமனின் ஒன்பது தட்டுகளின் துண்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றின் லேபிளையும் படித்து, எந்தத் துண்டு எந்தத் தட்டுக்கு உரியது என்று உறைமேல் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.